யார்? ஏன்? – பயங்கரவாதமும் அரசுகளின் மறுமொழியும்: மலபார் முதல் கோவை வரை

2010ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பொழுது புலருமுன், விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே பேரணி ரயில் நிலையத்தை அடுத்துத் தண்டவாளம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திருச்சியிலிருந்து சென்னை நோக்கி வந்த மலைக்கோட்டை விரைவு வண்டி, ரயில்வே ஊழியர்களின் விழிப்பினால் உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் உயிர் தப்பினர்.

அன்று நாம் நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காக முகையூர் சென்றிருந்தோம். கத்தோலிக்கக் கிறித்தவர் பெருமளவில் வாழும் ஊர் அது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடைக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது, அங்கே தொப்பியும் தாடியுமாக இருந்தவர் நாம் ஒருவரே. யாரும் நம்மை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைக்காரர் வழக்கம்போல் தேநீரை ஆற்றித் தந்தார். ஆயினும் நம் உள்ளத்தில் முதலில் எழுந்த வேண்டுதல், "இதைச் செய்தவன் பெயர் நம்மவர் பெயராக இருந்துவிடக் கூடாதே" என்பதுதான். இலங்கை அதிபராக இருந்த ராஜபக்சேயின் இந்திய வருகையைக் கண்டிக்கும் துண்டறிக்கைகள் அவ்விடத்தில் கிடைத்தன என்ற செய்தி பின்னர் வந்தது. நம் நெஞ்சு இலேசாயிற்று.

அந்த ஆறுதலை எண்ணி நாம் வெட்கியது அன்றிரவுதான். ஒரு வண்டி நிறைய மனிதர்கள் மாண்டிருக்கக்கூடிய செயல் அது. 1987ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது விபத்துக்குள்ளானதும் இதே மலைக்கோட்டை விரைவு வண்டிதான். அன்று இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அதனைச் செய்தவர்கள் தமிழ்நாடு விடுதலைப் படையினர். அத்தகைய கொடுமை மீண்டும் நிகழவிருந்ததை அறிந்த வேளையில் நாம் கேட்ட கேள்வி "யார்?" என்பது மட்டுமே. விடை நமக்குச் சாதகமாக அமைந்ததும், "ஏன்?" என்ற கேள்வி நமக்குத் தேவைப்படாமற் போயிற்று. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

இரு கேள்விகள்

பயங்கரவாதம் என்னும் சொல்லுக்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறையொன்றை ஐ.நா. அவையால் இதுவரை வகுக்க இயலவில்லை. ஒருவரின் பயங்கரவாதி மற்றவருக்கு விடுதலை வீரர் ஆகிவிடுவதே அதற்குக் காரணம். நாம் இங்கு எளிய பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறோம்: ஓர் அரசையோ மக்கட் பிரிவையோ அச்சுறுத்தும் பொருட்டு, அவ்வழக்கோடு தொடர்பற்ற மனிதரைக் கொல்வது பயங்கரவாதம். செய்பவன் எம்மதத்தவன், எம்மொழியினன் என்பது இவ்வரையறைக்குள் வருவதில்லை.

இத்தகைய செயல் நிகழ்ந்தவுடன் எந்நாட்டின் முன்னும் இரு கேள்விகள் எழுகின்றன. யார் செய்தார் என்பது ஒன்று. ஏன் செய்தார் என்பது மற்றொன்று. முதற்கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. அதன் விடை தனி மனிதர்களின் பெயர்களாகவே இருத்தல் வேண்டும். இரண்டாம் கேள்வி ஆட்சியாளர்க்கும் அறிஞர்க்கும் சமுதாயத்திற்கும் உரியது. அதன் விடை நிலைமைகளையும் கொள்கைகளையும் பற்றியதாக இருத்தல் வேண்டும். "ஏன்?" என்ற கேள்விக்கு ஒரு சமுதாயத்தின் பெயரை விடையாகச் சொல்வதே அரசுகள் செய்யும் பெரும்பிழை. "யார்?" என்று கேட்கப்படும்போது குறைகளின் பட்டியலை விடையாகச் சொல்வது, அச்செயலாளர் பிறந்த சமுதாயங்கள் செய்யும் பிழை. இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று வளர்த்து வந்துள்ளன என்பதையே பின்வரும் வரலாறு காட்டுகிறது.

நஹ்ரவானுக்கு முன்

இஸ்லாமிய வரலாற்றில் இக்கேள்விகளை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர் நான்காம் கலீஃபா அலீ (ரலி) அவர்கள். ஸிஃப்ஃபீன் போருக்குப் பின் அவரை விட்டுப் பிரிந்த கவாரிஜ்கள், தம்மோடு உடன்படாத முஸ்லிம்களை இறைமறுப்பாளர் என்று தீர்ப்பளித்தனர். அவர்கள் பள்ளிவாசலுக்கு வருவதை அலீ (ரலி) தடுக்கவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து அவர்களுக்குரிய பங்கையும் நிறுத்தவில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அனுப்பி வாதிடச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் மனம் மாறித் திரும்பினர் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

எஞ்சியோர் வழிப்பயணத்தில் இருந்த அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கருவுற்றிருந்த அவர் துணைவியையும் கொன்ற பின்னரே நிலைமை மாறியது. அப்போதும் கலீஃபா முதலில் கேட்டது, கொலை செய்தவர்களை ஒப்படையுங்கள் என்பதுதான். தாங்கள் அனைவருமே கொலையாளிகள் என்று அவர்கள் விடை தந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தனி மனிதர்களின் பெயரைக் கேட்டவர் ஆட்சியாளர். குற்றத்தைக் கூட்டம் முழுவதன் மீதும் ஏற்றிக்கொண்டவர்கள் வன்முறையாளர்கள். ஹிஜ்ரி 38இல் நஹ்ரவானில் போர் மூண்டது அதன் பின்னரே.

பின்னாளில் ஃபிக்ஹு அறிஞர்கள் இந்நிகழ்வுகளிலிருந்து இரு தனித்தனிப் பகுதிகளை வகுத்தனர். வழிப்போக்கரை அச்சுறுத்திக் கொன்று கொள்ளையிடுவோர் ஹிராபா என்னும் கொடுங்குற்றத்தின் கீழ் வருவர். ஆட்சிக்கு எதிராக ஒரு கருத்தின் பேரில் அணிதிரள்வோர் புகாத் எனப்படுவர். நமது ஷாஃபிஈ மதரசாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்', இத்தகையோரிடம் ஆட்சியாளர் அறிவும் நம்பகமும் வாய்ந்த ஒருவரை முதலில் அனுப்பி, அவர்களது மனக்குறை யாதெனக் கேட்கவேண்டும் என விதிக்கிறது. அநீதி ஏதும் சொல்லப்பட்டால் அதனைக் களைய வேண்டும். மறுத்து நின்றால் மட்டுமே போர். போரிலும் புறங்காட்டி ஓடுபவரைத் துரத்தலாகாது, காயமுற்றவரைக் கொல்லலாகாது. "ஏன்?" என்று கேட்பது ஆட்சியாளரின் பெருந்தன்மையன்று, அவர் மீதுள்ள கடமை என்பதே இதன் பொருள்.

மலபார்: இரண்டு அறிக்கைகள்

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். முகையூர் அடங்கிய தென்னார்க்காடும் மேற்குக் கடற்கரை மலபாரும் ஒரே சென்னை மாகாணத்தின் மாவட்டங்களாக இருந்த காலம் அது. 1836 முதல் 1854 வரை மலபாரின் ஏறநாடு, வள்ளுவநாடு பகுதிகளில் மாப்பிள்ளைமார் சிலர் சிறு குழுக்களாகக் கிளம்பி நிலவுடைமையாளரான ஜன்மிகளையோ அதிகாரிகளையோ கொல்வதும், பின்னர் ஓரிடத்தில் நின்று படையினரோடு பொருது மாண்டுபோவதுமாக இருபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. தப்பியோட அவர்கள் முயன்றதில்லை. சாவதற்கென்றே வந்தவர்களை எவ்வாறு அச்சுறுத்துவது என்று கம்பெனி அரசு திகைத்தது.

1852இல் டி.எல். ஸ்டிரேஞ்ச் என்னும் நீதிபதி தனி ஆணையராக நியமிக்கப்பட்டார். நிலக்குத்தகைக் கொடுமை காரணமா என்று அவர் ஆராய்ந்தார், அல்லவென்று முடிவுகட்டினார். மதவெறி ஒன்றே காரணம் என்பது அவர் கண்ட விடை. இந்துக்களை மட்டுமே கொண்ட காவற்படை வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். 1854இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று மாப்பிள்ளைக் கலகச் சட்டம். குற்றவாளியின் சொத்தைப் பறிக்கவும், ஐயத்திற்குரியவரை நாடுகடத்தவும், நிகழ்ச்சி நடந்த அம்சம் முழுவதன் மீதும் தண்டம் விதிக்கவும் அது வழிசெய்தது. மற்றொன்று போர்வாள்களை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதற்கு முன்பே, 1852 மார்ச்சில், மக்களால் பெரிதும் மதிக்கப்பட்ட மம்புறம் சையித் ஃபள்ல் தங்கள் நாட்டைவிட்டு வெளியேறி அரபகம் செல்ல நேர்ந்தது.

சட்டத்தை நிறைவேற்றிய மலபார் கலெக்டர் எச்.வி. கனோலி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்களைத் திரட்டினார். 1855 செப்டம்பர் 11 அன்று, கோழிக்கோட்டில் தம் இல்லத்து முகப்பில் மனைவியோடு அமர்ந்திருந்தபோது அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடுமையான சட்டம் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் அச்சட்டத்தை நடத்தியவரையே இழந்தது அரசு. அம்மனிதரின் கொலையை நாம் சிறிதும் நியாயப்படுத்தவில்லை. மனைவியின் கண்முன் ஆயுதமற்றவரைக் கொன்றது எவ்வகையிலும் வீரமாகாது. ஊர் முழுவதையும் தண்டித்த சட்டம் அரசு எதிர்பார்த்த அமைதியைத் தரவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

கால்நூற்றாண்டு கழிந்தது. 1881இல் அரசு மீண்டும் ஒரு தனி ஆணையரை நியமித்தது. அவர் மலபாரின் கலெக்டராகப் பணியாற்றி அம்மண்ணையும் மொழியையும் நன்கறிந்த வில்லியம் லோகன். 1882இல் அவர் அளித்த அறிக்கை ஸ்டிரேஞ்சின் முடிவைத் தலைகீழாக்கியது. ஆங்கிலேயர் வருகைக்கு முன் விளைச்சலில் ஜன்மி, காணக்காரர், உழுபவர் ஆகிய மூவருக்கும் மரபுவழிப் பங்கு இருந்தது. கம்பெனியின் நீதிமன்றங்களோ ஜன்மியை ஐரோப்பியப் பொருளில் முழு உடைமையாளராகக் கருதி, உழுபவரை விருப்பம்போல் வெளியேற்றும் அதிகாரத்தை அவருக்கு அளித்துவிட்டன என்று லோகன் எடுத்துக்காட்டினார். கிளர்ச்சியின் வேர் நிலத்தில் இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. குத்தகை நிலத்திலிருந்து இறக்கப்படுவதன் வலி என்னவென்பதைத் தென்பெண்ணைக் கரை உழவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அரசு லோகனைப் பாராட்டியது. ஆனால் முழுமையாகப் பின்பற்றவில்லை. 1887இல் வந்த சட்டம், வெளியேற்றப்படும் குத்தகையாளர் நிலத்தில் செய்த மேம்பாடுகளுக்கு ஈட்டுத்தொகை பெற வழிசெய்தது. வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை. 1894, 1896, 1898 என்று எழுச்சிகள் தொடர்ந்தன.

லோகனின் விடையும் முழுமையானதன்று என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அதே ஜன்மிகளின் கீழ் அதே துன்பத்தை அனுபவித்த இந்துக் குடியானவர்கள் அவ்வழியில் வாளெடுக்கவில்லையே என்ற வினா எஞ்சி நிற்கிறது. மாப்பிள்ளைமாரின் சமயப் பண்பாட்டில் உயிர்த்தியாகம் பெற்றிருந்த இடத்தை வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் டேல் வலியுறுத்தினார். கே.என். பணிக்கர் 1989இல் வெளியிட்ட நூலில், நிலப்பகையும் சமய உணர்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைக் காட்டினார். நம் கருத்தில், மூன்று கூறுகள் ஒருசேர அமையும்போதே இவ்வகை வன்முறை பிறக்கிறது: உண்மையான ஒரு மனக்குறை, அக்குறைக்குக் கொலையே தீர்வு என்று கற்பிக்கும் தவறான விளக்கம், முறையிடச் சென்றால் திறக்கப்படாத அரசின் கதவு. ஸ்டிரேஞ்ச் இரண்டாவதை மட்டும் கண்டார். லோகன் முதலாவதையும் மூன்றாவதையும் கண்டார்.

போத்தனூரில் திறந்த கதவு

1921 ஆகஸ்டில் கிலாஃபத் இயக்கத்தின் பின்னணியில் மலபார் பெருங்கிளர்ச்சி வெடித்தது. ஆங்கில ஆட்சிக்கும் ஜன்மிகளுக்கும் எதிராகத் தொடங்கிய அதில், குற்றமற்ற இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாய மதமாற்றங்கள் நிகழ்ந்ததும் வரலாற்று உண்மைகள். அவற்றை மூடி மறைத்து அக்கிளர்ச்சியைப் புகழ்வது அறிஞர்க்கு அழகன்று. இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அரசுக் கணக்கின்படியே கிளர்ச்சியாளர் 2,300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் மாலை, திரூரில் ஏறத்தாழ நூறு கைதிகள் காற்றுப் புகாத சரக்கு வண்டியொன்றில் அடைக்கப்பட்டு, பெல்லாரிச் சிறைக்கென அனுப்பப்பட்டனர். கோவையை அடுத்த போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது பெரும்பாலோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர். இறந்தோர் மொத்தம் 70 பேர். பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், இந்துக்கள் சிலரும் அவர்களுள் இருந்தனர். கொலை செய்தவனும், கூட்டத்தில் நின்றவனும், ஐயத்தின் பேரில் பிடிபட்டவனும் ஒரே வண்டியில் ஒரே பூட்டின் பின்னே இருந்தனர். "யார்?" என்ற கேள்வியைக் கேளாமல் விட்டதன் முடிவு அது.

ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்கு முன் லோகன் சுட்டிய நிலப்பாதுகாப்பை ஓரளவேனும் தந்த மலபார் குத்தகைச் சட்டம் 1930இல்தான் வந்தது. அதன்பின் அவ்வகை எழுச்சிகள் நிகழவில்லை. இராணுவ ஒடுக்குமுறையின் அச்சமும் அதற்கு ஒரு காரணமே. ஆயினும் அதே அச்சம் 1854 முதல் தொடர்ந்து இருந்துவந்ததும் பயன் தராததும் நினைவிற் கொள்ளத்தக்கன. நிலச் சீர்திருத்தமும் தேர்தல் அரசியலும் முறையீட்டின் வாசலைத் திறந்த பின்னரே வாளுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

கோவை, 1997 – 1998

போத்தனூரைக் கடந்தால் கோவை. அந்நகரின் அண்மை வரலாறு தமிழக முஸ்லிம் ஒவ்வொருவரின் மீதும் நிழலாகப் படிந்துள்ளது. நடைபாதைக் கடைகளை முன்னிட்ட வணிகப் போட்டி, இரு தரப்பிலும் வளர்ந்த வெறுப்புப் பேச்சு, கோட்டைமேட்டைச் சூழ்ந்த காவல் சோதனைச் சாவடிகள், 1992 டிசம்பர் 6இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதன் ஆறாத புண் ஆகியவை சேர்ந்து எரிபொருளாயின. இச்சூழலில் தோன்றியதே அல்-உம்மா. 1993 ஆகஸ்டு 8இல் சென்னையில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதில் 11 பேர் மாண்டனர்.

1997 நவம்பர் 29 அன்று கோவையில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் குத்திக் கொன்றனர். கொன்றவர்களைப் பிடிக்க வேண்டிய காவலர்களுள் ஒரு பகுதியினர் பணியைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினர். அடுத்த இரு நாட்களில் துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறைக் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்களும் இந்துக்கள் இருவரும் உயிரிழந்தனர். முஸ்லிம்களின் கடைகள் கொள்ளையிடப்பட்டு எரிந்தன. காயமுற்றோர் கொண்டுசெல்லப்பட்ட அரசு மருத்துவமனை வளாகத்திலும் தாக்குதல் நடந்தது. சிலர் செய்த கொலைக்கு ஒரு சமுதாயம் விடையாக்கப்பட்டது.

இனி வருவதே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவை நகரின் பல இடங்களில் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதே அரசு மருத்துவமனை வளாகமும் தப்பவில்லை. குண்டு வைத்தவர்கள் நவம்பரின் அநீதிக்குப் பழிவாங்குவதாக எண்ணினர். ஆனால் அவர்கள் நவம்பரில் வாளெடுத்தவர் யார், துப்பாக்கி எடுத்தவர் யார் என்று தேடவில்லை. கடைவீதியில் நடந்தவரையும் நோயாளியைப் பார்க்க வந்தவரையும் ஒரு சமுதாயத்தின் பெயரால் தண்டித்தனர். எந்த அநீதியை எதிர்ப்பதாகச் சொன்னார்களோ, அதே அநீதியின் தருக்கத்தை அவர்கள் வரிக்கு வரி பின்பற்றினர். ஸ்டிரேஞ்சின் சட்டம் ஊரைத் தண்டித்தது. அல்-உம்மாவின் குண்டும் ஊரைத் தண்டித்தது.

அதன் பின்விளைவுகள் நாமறிந்தவை. ஏராளமான இளைஞர்கள் கைதாயினர். வாடகைக்கு வீடு கேட்டுச் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. தனி நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது. 158 பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். அப்துல் நாசர் மதனி உட்பட எண்மர் விடுதலையாயினர். மதனி அதற்குள் ஒன்பதாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்துவிட்டார். 2009இல் உயர்நீதிமன்றம் மேலும் பலரை விடுவித்தது. தீர்ப்புக்காகக் காத்திருந்த ஆண்டுகளே அவர்களுக்குத் தண்டனையாயின.

சட்டங்கள் கற்பித்தவை

இந்தியாவில் பயங்கரவாதத்திற்கெதிரான சிறப்புச் சட்டங்களின் வரலாறு நீண்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டது போன்ற செயல்களையும் வங்காளப் புரட்சிக் குழுக்களையும் ஆராய்ந்த ரௌலட் குழு, வழக்கமான விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தைப் பரிந்துரைத்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது; ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்தது. சிலரை அடக்க வந்த சட்டம் நாட்டு மக்கள் அனைவரையும் ஆட்சிக்கு எதிராக நிறுத்தியது. 1922இல் அது நீக்கப்பட்டது.

விடுதலை பெற்ற நாடும் அப்பாடத்தை முழுதாகக் கற்கவில்லை. 1984 அக்டோபர் 31இல் பிரதமர் இந்திராகாந்தி இரு மெய்க்காவலரால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் தில்லியில் மட்டும் 2,700க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் படுகொலை செய்யப்பட்டனர். பஞ்சாபின் வன்முறை அதன்பின் பல்லாண்டுகள் நீடித்தது. 1985இல் பிறந்த தடா சட்டத்தின் கீழ், அது 1995இல் காலாவதியாகும் வரை, 76,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டோர் மிகச் சிறு பகுதியினரே. 2002இல் வந்த பொடா சட்டம் பேச்சுக்காக வைகோவைப் பத்தொன்பது மாதங்கள் சிறையில் வைத்தது, 2004இல் நீக்கப்பட்டது. அதன் கூறுகள் பல, 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2004, 2008, 2019 ஆண்டுகளின் திருத்தங்களால் இடம்பெற்றுள்ளன.

இங்குத் தமிழகத்தின் இரு வழக்குகளை ஒப்பிடுதல் பயனுடையது. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ்காந்தி படுகொலை செய்யப்பட்ட வழக்கு தடாவின் கீழ் நடந்தது. 1998 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11இல் உச்சநீதிமன்றம், இவ்வழக்குக்குத் தடாக் குற்றங்கள் பொருந்தா எனக் கூறி 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கத் தடா இடமளித்திருந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அதனை முழுமையாக எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். கோவை வழக்கு நடந்தபோதோ தடாவும் இல்லை, குற்றம் நிகழ்ந்த காலத்தில் பொடாவும் இல்லை. பொதுவான தண்டனைச் சட்டத்தையும் வெடிமருந்துச் சட்டத்தையும் கொண்டே 158 பேரின் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. பிணையின்றிக் கழிந்த ஆண்டுகளின் குறை அங்கும் உண்டு. ஆயினும், பெரிய குற்றத்திற்குச் சிறப்புச் சட்டமின்றித் தீர்வில்லை என்னும் கூற்று வலுவற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உலக அனுபவமும் இதற்கு மாறானதன்று. 1971 ஆகஸ்டில் பிரித்தானிய அரசு வட அயர்லாந்தில் விசாரணையற்ற சிறைவைப்பை அறிமுகப்படுத்தியது. முதல் வலைவீச்சில் பிடிபட்டோர் கத்தோலிக்கச் சமூகத்தினர். வன்முறை குறையவில்லை, பெருகிற்று. கால்நூற்றாண்டுக்குப் பின், 1998 ஏப்ரலில் உடன்பாட்டு மேசையில்தான் அது அடங்கத் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11இல் ஏறத்தாழ 3,000 பேரைப் பறிகொடுத்த அமெரிக்கா, அத்தாக்குதலோடு தொடர்பற்ற ஈராக்கின் மீது 2003இல் படையெடுத்தது. அழிந்த அந்நாட்டின் இடிபாடுகளிலிருந்தே பின்னாளில் ஐ.எஸ். அமைப்பு எழுந்தது. அதற்கு இரையானோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே.

நம் பக்கத்துப் பிழை

அரசுகளின் பிழைகளை இவ்வளவு எழுதியபின் நம் சமுதாயத்தின் பிழையை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 1998க்குப் பின் நம் மேடைகளில் கோவைக் குண்டுவெடிப்பைக் கண்டித்த ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் "ஆனால்" என்ற சொல் வந்தது. 58 பேரின் பெயர்களை நாம் கேட்டறியவில்லை. 18 பேரின் துயரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். "யார்?" என்று கேட்டவருக்கு "ஏன்?" என்பதையே விடையாகத் தந்தோம். அந்த விடையில் உண்மை இருந்தது. ஆனால் அது கேட்கப்பட்ட கேள்விக்கு உரிய விடையன்று. மகனை இழந்த தாயின் முன் நின்று குறைகளின் பட்டியலை வாசிப்பவனை எந்தத் தாயும் மன்னிப்பதில்லை. அத்தாய் எச்சமுதாயத்தவள் என்பதில் வேறுபாடில்லை.

காலம் சிறிது கற்பித்திருக்கிறது. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்து, அதிலிருந்தவர் மாண்டார். இம்முறை கோவை ஜமாஅத்தினர் "ஆனால்" என்று தொடங்கவில்லை. அச்செயலைக் கண்டித்தனர், சில நாட்களில் அக்கோயிலுக்கே சென்று அங்குள்ளோரைச் சந்தித்து நல்லிணக்கம் பேணினர். 1997இல் நிகழ்ந்தது போன்ற பழிவாங்கல் நிகழவில்லை. நகரம் மூச்சடக்கி நின்று, பின் தன் வேலையைப் பார்த்தது. புலனாய்வு அமைப்புகள் தனி மனிதர்களைத் தேடின. இவ்வாறு இரு கேள்விகளும் தத்தம் இடத்தில் கேட்கப்படும்போது நாடு தப்புகிறது.

இவ்விடத்தில் நம் மதரசாக்களுக்கும் ஒரு கடமை உண்டு. புகாத் பற்றிய பகுதியை நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறோம். பெரும்பாலும் சொற்பொருள் விளக்கத்தோடு கடந்துவிடுகிறோம். நம் மாணவர்கள் அதனை மலபாரோடும் கோவையோடும் சேர்த்துப் படிக்கவேண்டும். இணையத்தில் யாரோ ஒருவர் தரும் தவறான விளக்கத்தைத் தகர்க்க, இப்னு அப்பாஸ் (ரலி) கையாண்ட வாதத்தைவிடச் சிறந்த கருவி காவல்துறையிடம் இல்லை.

ஹிஜ்ரி 40, ரமலான் மாதம். கூஃபாவின் பள்ளிவாசலில் வைகறைத் தொழுகை வேளையில் இப்னு முல்ஜம் என்னும் காரிஜியின் நஞ்சு தோய்ந்த வாள் அலீ (ரலி) அவர்களின் தலையில் விழுந்தது. வெட்டியவன் பிடிபட்டான். கலீஃபா சாவுப் படுக்கையில் இருந்தார். ஒரு பேரரசு முழுவதும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தது. கவாரிஜ்களைப் பூண்டோடு ஒழியுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் தடுப்பார் எவருமில்லை. அவர் தம் மக்களிடமும் உறவினரிடமும் கூறிச் சென்ற செய்தி வேறு: தலைவர் கொல்லப்பட்டார் என்று கூறிக்கொண்டு யாருடைய இரத்தத்திலும் இறங்காதீர்கள், தம்மைக் கொன்றவனைத் தவிர வேறு எவரும் அதற்காகக் கொல்லப்படலாகாது, அவனுக்கும் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டே, அங்கங்களைச் சிதைக்கலாகாது, அதுவரை அவனுக்கு உணவளியுங்கள்.

பேரணித் தண்டவாளத்தின் செய்தி கேட்ட அன்று முகையூர்த் தேநீர்க் கடைக்காரர் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. எவனோ செய்ததற்கு எதிரில் நிற்பவன் விடை சொல்ல வேண்டியதில்லை என்பதை அவர் எந்த நூலிலும் படித்திருக்கமாட்டார். அந்த எளிய நியாயத்தை அரசுகளும் இயக்கங்களும் கற்கும்வரை, நாம் அதனை எழுதிக்கொண்டே இருக்கவேண்டும், முதலில் நம்மவரிடம்.